ஏட்டுப் பொருத்தம்

1904ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 7ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரிலே துணிச் சரக்கு நிறைந்த ஒரு பண்டசாலையில் தீப்பற்றியது. காற்றுத் துணைநிற்க, அத்தீ கட்டடம் விட்டுக் கட்டடந் தாவிப் பரந்தது. நகரத்தார் அயலூர்களுக்குத் தந்தியடித்து உதவி வேண்டினர். வாஷிங்டன் நகரத்துத் தீயணைக்கும் படையினர் தம் இயந்திரங்களைப் புகைவண்டியில் ஏற்றிக்கொண்டு அன்றைக்கே வந்து சேர்ந்தனர். பின்னர் பிலடெல்பியாவிலிருந்தும் நியூயோர்க்கிலிருந்தும் ஆட்கள் வந்தனர். ஆளுக்குங் குறைவில்லை, இயந்திரத்துக்குங் குறைவில்லை. ஆனால், வந்தவர்களிற் பலர் கொணர்ந்த குழாய்களின் வாய் பால்ற்றிமோர்த் தெருக்களில் நின்ற நீர்வாய்களில் ஏறவில்லை. ஓர் ஊரின் திருகுபுரி மற்றோர் ஊரின் திருகுபுரியோடு இசையவில்லை. முப்பது மணி நேரத்துக்கு மேல் எரிந்த அத்தீ 1,500க்கு மேற்பட்ட கட்டடங்களை விழுங்கிற்று.

வாஷிங்டன் குழாயிற் பிழை இருந்ததா? இல்லை. தன் ஊரில் அது குறைவறத் தொழில் செய்தது. பால்ற்றிமோர் நீர்வாயிற் பிழை இருந்ததா? அதுவும் இல்லை. இரண்டும் தனித்தனியே செம்மையானவை. ஒன்றோடொன்று பூட்டிப் பார்க்கப்படாதவை.

அடுத்த ஆண்டிலேயே நாடு முழுவதற்கும் ஒரே திருகுபுரி என்று நியமம் வகுத்தார்கள். கதை அத்துடன் முடிந்ததென்று எண்ணுவோம். அன்று. நூறாண்டு கழித்து, 2004இல், அமெரிக்க அரசின் அளவை நியம நிறுவனத்தார் கணக்கெடுத்துப் பார்த்தபோது, மக்கள் மிகுந்த 48 நகரங்களுள் 18 நகரங்களே அந்த நியமத்தின்படி நீர்வாய் அமைத்திருந்தன என்று கண்டனர். நியமம் ஏட்டில் இருப்பது வேறு. தெருவில் நிற்பது வேறு.

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் தீயுமன்று, குழாயுமன்று. வணிக நிலையங்களின் கணினிகள் தமக்குள்ளே கொள்வனவுக் கட்டளைகளையும் விலைப்பட்டியல்களையும் பரிமாறிக்கொள்ளும் மென்பொருள்களைப் பற்றியும், அவை உண்மையாகவே ஒன்றோடொன்று இசைகின்றனவா என்று சோதித்து அத்தாட்சி வழங்கும் முறையைப் பற்றியுமே எழுதுகின்றோம். வறண்ட பொருளென்று இல்லத்தரசிகள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டா. கடைத் தட்டிற் பால்மா இருப்பதும் இல்லாதிருப்பதும் இதிலே தங்கியிருக்கின்றன.

ஒரு பெரிய கடைக்கு ஐந்நூறு சட்டை வேண்டும். கடையின் எழுதுவினைஞர் கட்டளையைக் கணினியில் அடித்து, தாளிற் பதித்து, தபாலில் அனுப்புகிறார். சட்டை செய்பவரின் எழுதுவினைஞர் அத்தாளைப் பார்த்துத் தம் கணினியில் மீண்டும் அடிக்கிறார். ஒரே செய்தி இருமுறை அடிக்கப்படுகிறது. ஐந்நூறு ஐம்பதாவதற்கு ஒரு சுழி போதும். கணினி கணினிக்கே நேரே சொல்லிவிட்டால் என்ன என்ற எண்ணத்தின் வேர் வணிகரிடத்திலன்றி ஒரு முற்றுகையில் இருக்கிறது.

1948ஆம் ஆண்டு யூன் மாதத்தில் சோவியத் படையினர் மேற்கு பேர்லினுக்குச் செல்லும் தரைவழிகளை அடைத்தனர். நேச நாடுகள் உணவையும் நிலக்கரியையும் ஆகாயவழியே கொண்டுசென்றன. எல்லாமாக ஏறத்தாழ 23 இலட்சம் தொன். விமானம் இறங்குவது நிமிடக் கணக்கில். சரக்குச் சிட்டைகளோ பல மொழிகளில், பல வடிவங்களில். அப்பணியில் ஈடுபட்டிருந்த எட்வேர்ட் கில்பேர்ட் என்னும் அமெரிக்கப் படையினரும் அவருடைய தோழர்களும், தந்தி அச்சுப்பொறியாலும் வானொலியாலும் தொலைபேசியாலும் அனுப்பக்கூடியதான ஒரே வடிவச் சிட்டையை அமைத்தனர். இன்ன இடத்தில் இன்ன செய்தி. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. பிற்காலத்தில் டுப்பொன் இரசாயனக் கம்பனியிற் பணிபுரிந்தபோது அவர் அதே கருத்தை வணிகத்துக்குங் கொண்டுவந்தார். 1968இற் போக்குவரத்து நிறுவனங்கள் கூடி ஒரு குழு அமைத்தன. 1979இல் அமெரிக்கத் தேசிய நியம நிறுவனத்தின்கீழ் எக்ஸ் 12 என்ற குழு தோன்றியது. அக்குழு வகுத்த முறையிற் பத்திரம் ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் உண்டு. 850 என்றால் கொள்வனவுக் கட்டளை, 856 என்றால் ‘சரக்குப் புறப்பட்டுவிட்டது’ என்னும் அறிவித்தல், 810 விலைப்பட்டியல். ஐரோப்பாவிலும் பிற நாடுகளிலும் ஐக்கிய நாடுகளின் ஆதரவில் எழுந்த எடிபாக்ட் முறை வழங்குகிறது. அதனை இங்கு விரிக்க வேண்டியதில்லை.

கடிதம் எழுதும் முறை கிடைத்தது; கொண்டுபோவது யார்? நெடுங்காலம் அதற்கென்றே தனி வலையமைப்புகள் இருந்தன. அவை கூலிபெறும் அஞ்சற்சாலைகள் போன்றவை. எழுத்துகளை ஆயிரமாயிரமாக எண்ணிக் கட்டணம் அறவிட்டன. இணையம் பரவியதும், இதனையே பயன்படுத்தினால் அக்கூலி மிச்சமன்றோ என்று வணிகர் கருதினர். ஆயினும் இணையத்திற் செல்லும் சாதாரணச் செய்தி அஞ்சலட்டை போன்றது. வழியிலுள்ளார் வாசிக்கலாம், மாற்றலாம், வந்து சேர்ந்ததா என்பதற்குஞ் சான்றில்லை. எனவே, இணையத்தின் நியமங்களை வகுக்கும் பொறியியலாளர் குழாத்தில், ரிக் டிரமண்ட் என்பாரைத் தலைவராகக் கொண்ட ஒரு பணிக்குழு இதற்கொரு முறை வகுக்கத் தொடங்கியது. அதன் பயனாக வந்தவற்றுள் மிகுதியாக வழங்குவது ஏ.எஸ். 2 எனப்படும்.

இதனைப் பதிவுத் தபாலோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். அனுப்புபவரின் கணினி மடலில் ஒப்பமிடுகிறது. அந்த ஒப்பத்தை வேறொருவர் இடமுடியாது. பின்னர், பெறுபவர் மட்டுமே திறக்கக்கூடிய பூட்டை இட்டு அனுப்புகிறது. பெறும் கணினி பூட்டைத் திறந்து, ஒப்பத்தைச் சரிபார்த்து, மடலின் எழுத்து முழுவதையும் ஒரு கணக்கில் இட்டு ஒரு சரிபார்ப்பெண்ணைப் பெறுகிறது. மடலில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அவ்வெண் முற்றும் மாறிவிடும். அந்த எண்ணைப் பற்றுச்சீட்டில் எழுதி, தானும் ஒப்பமிட்டுத் திருப்பி அனுப்புகிறது. அனுப்பியவர் தம்மிடமுள்ள எண்ணோடு ஒத்துப் பார்க்கிறார். ஒத்ததாயின், ‘உங்கள் கடிதம் வரவில்லை’ என்றோ, ‘வேறு விதமாக வந்தது’ என்றோ மறுமுனையார் பின்னர் சொல்ல இயலாது. நம் தபாற்கந்தோரின் அத்தாட்சி அட்டைகூட உறை சேர்ந்ததைத்தான் சொல்லும்; உள்ளே எழுதியிருந்ததைச் சொல்லாது. அவ்வகையில் இஃது ஒரு படி மேல்.

2002இல் வோல்மார்ட் என்னும் அமெரிக்கப் பெருங்கடை, தனக்குச் சரக்குக் கொடுப்போர் இனி இம்முறையிலேயே பத்திரங்களை அனுப்பவேண்டும் என்று அறிவித்தது. ஆயிரக்கணக்கானோர் ஒவ்வொருவரும் தத்தமக்கு ஏற்ற கம்பனியிடம் மென்பொருள் வாங்கினர். ஏ.எஸ். 2 முறையின் ஏடு ஆர்.எவ்.சி. 4130 என்ற இலக்கத்தோடு முறைப்படி வெளியானதோ 2005ஆம் ஆண்டு யூலையில்! வரைவு ஏட்டை நம்பியே வணிகம் மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டது. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் சாதகம் எழுதி முடியுமுன்பே பந்தலிட்ட கதைதான்.

ஏடு ஒன்றாயிருக்கும்போது, அதனைக் கற்று மென்பொருள் எழுதியவர்கள் எல்லாரும் ஒரே வகையாகத்தானே எழுதியிருப்பர் என்று மாணவர்கள் வினவலாம். நியாயமான வினாவே. விடைக்கு இரண்டோர் உதாரணம் பார்ப்போம்.

பழைய தட்டச்சுப் பொறியில் ஒரு வரி முடிந்ததும் இரண்டு செயல் நிகழும். உருளை வரியின் தொடக்க நிலைக்குத் திரும்பும்; தாள் ஒரு வரி மேலேறும். கணினியிலும் இவ்விரண்டுக்கும் இரண்டு தனிக் குறிகள் உண்டு. சில கணினிகள் வரியின் முடிவில் இரண்டையும் இடும். வேறு சில ஒன்றை மட்டும் இடும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஒப்பமிடுமுன் வரிமுடிவுகளை இரு குறியாக்கிக்கொள்ள வேண்டும் என்பது ஏட்டின் விதி. ஒரு மென்பொருள் அதனை மறந்து, ஒரு குறியோடே சரிபார்ப்பெண்ணைக் கணக்கிட்டால், மறுபக்கத்தார் இரு குறியோடு கணக்கிட்ட எண் வேறாகும். கட்டளையில் ஒரு சட்டையும் கூடவில்லை, ஒரு சதமும் குறையவில்லை. ஆயினும், ‘இது நீர் அனுப்பிய மடலன்று’ என்று பற்றுச்சீட்டு வாதாடும்.

அதனை ஒருவருடைய மறதி என்று தள்ளலாம். அடுத்தது அவ்வாறு தள்ளக்கூடியதன்று. அந்தச் சரிபார்ப்பெண்ணைக் கணக்கிடப் பல முறைகள் உண்டு. எந்த முறையைக் கையாண்டோம் என்பதை மடலின் தலைப்பிலே பெயரிட்டுச் சொல்லவேண்டும். ஒப்பமிட்ட மடல்களுக்கான பழைய ஏட்டில் அப்பெயர் ‘எஸ்எச்ஏ256’ என்றிருந்தது. 2010ஆம் ஆண்டு யனவரியில் வெளியான புதிய ஏட்டிலோ, அது ‘எஸ்எச்ஏ-256’ என்று இடையில் ஒரு சிறு கோட்டுடன் எழுதப்பட்டது. கணக்கு அதே கணக்கு, கோடுதான் புதிது. புதிய ஏட்டைப் படித்தவரின் மென்பொருள் கோட்டுடன் அனுப்பும். பழைய ஏட்டை மட்டும் அறிந்த மென்பொருள், ‘இப்படியொரு முறையை நான் கேள்விப்பட்டதில்லை’ என்று மடலைத் தள்ளிவிடும். அறியாத பெயர் வந்தாலும் தடுமாறாது சமாளிக்குக என்று ஏடு புத்தி சொல்லியிருக்கிறது. ஆனால், அப்புத்தியைக் கருதாது மென்பொருளை எழுதி விற்றுவிட்டுப் போனவரை என்ன செய்வது? இங்கே பிழை செய்தவர் யார்? இருவர் கையிலும் ஏடு இருக்கிறது. இருவருக்கும் ஏடு சாட்சி சொல்லும்.

பெயர்களிலுந் தொல்லை உண்டு. ஏ.எஸ். 2 முறையில் அனுப்புநர் பெயரும் பெறுநர் பெயரும் ஆங்கிலப் பேரெழுத்து, சிற்றெழுத்து வேறுபாட்டோடு பார்க்கப்படும். ஓரெழுத்துப் பெரிதாயிருந்தால் அவர் வேற்று மனிதர். தமிழ் நெடுங்கணக்கில் இந்தப் பெரியவர் சிறியவர் பேதம் இல்லாமைக்காக நாம் நம் முன்னோருக்கு நன்றி சொல்லலாம்.

ஆதலின், ஏட்டோடு ஒத்துப் பார்ப்பது மட்டும் போதாது. ஆளோடு ஆளை ஒத்துப் பார்க்க வேண்டும் என்பதைத் தொழில் செய்தவர்கள் விரைவில் உணர்ந்தனர். இக்கருத்துப் புதிதன்று. 1988ஆம் ஆண்டு செப்டெம்பரில் டான் லிஞ்ச் என்பவர் கலிபோர்னியாவில் ஒரு காட்சிச்சாலை நடத்தினார். இணையக் கருவி செய்யும் 50 கம்பனிகள் அதில் இடம்பெற்றன. கண்ணாடிப் பெட்டியிற் கருவியை வைத்துப் புகழ்பாடினாற் போதாது. எல்லாருடைய கருவிகளும் ஒரே வலையிற் பூட்டப்பட்டு, வந்தவர் கண்முன்னே பேசிக்காட்ட வேண்டும். ஐயாயிரம் பொறியியலாளர்கள் வந்து பார்த்தனர். விற்பவன் சொல்லைக் கேட்பதினும் வேலையைக் கண்ணாற் காண்பது நன்றென்று யாருக்குத்தான் தெரியாது?

வணிக மென்பொருளுக்கு அத்தொண்டைச் செய்ய முன்வந்தவர், மேலே சொன்ன ரிக் டிரமண்ட். 1999இல் அவர் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஒரு நிறுவனம் தொடங்கினார். அங்கு நடக்கும் சோதனையின் சிறப்பு இது: ஒரு சுற்றில் எத்தனை மென்பொருள்கள் சேருகின்றனவோ, அவற்றுள் ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் மடல் பரிமாறித் தேறவேண்டும். பத்து மென்பொருள் என்றால் 45 இணைகள். இருபது என்றால் 190 இணைகள். போக்கும் வரவும் தனித்தனியே எண்ணினால் 380. இதற்கு மேல், ஒப்பமிட்ட மடல், பூட்டிய மடல், இரண்டும் செய்த மடல், உடனே கேட்கும் பற்றுச்சீட்டு, ஆறுதலாகக் கேட்கும் பற்றுச்சீட்டு என்று வகைகள் பெருகும். நம் வீடுகளிற் பத்துப் பொருத்தம் பார்ப்பதையே பெரிய வேலையென்று சொல்லிக்கொள்கிறோம்!

எல்லாரையும் ஒரே மாதிரி மென்பொருளோடு ஒத்துப் பார்த்துவிட்டால் வேலை குறையாதா? குறையும். இருபது பேருக்கு இருபது சோதனையே. ஆயினும், அம்மாதிரி மென்பொருள் கோட்டுடன் வந்த பெயரையும் கோடில்லாத பெயரையும் ஒருங்கே ஏற்கும் நல்ல மனத்ததாயின், அதன்முன் இருவரும் தேறிவிடுவர். வெளியே வந்து ஒருவரையொருவர் கண்டவுடன் பிணங்குவர். செலவு மிகுந்தாலும் முன்னைய முறையே நேரானது என்பது நம் கருத்து.

சோதனைக்கு வருபவர்களோ சந்தையிற் போட்டியாளர்கள். ஒருவர் வாடிக்கையாளரை மற்றவர் கவரக் காத்திருப்பவர்கள். ஆயினும், அச்சில வாரங்களில் ஒருவர் மென்பொருள் தடுக்கி விழுந்தால் மற்றவர் தம் பதிவேட்டைத் திறந்து, ‘உம் மடலில் இன்ன வரியிற் பிழை’ என்று காட்டவேண்டியிருக்கிறது. காட்டாவிட்டால் அவருடைய இணையுமன்றோ தேறாது நிற்கும்! தேறியவர் பட்டியல் மட்டும் வெளியிடப்படும். யார் யாரிடம் எப்படி விழுந்தார் என்பது உள்ளேயே அடங்கிவிடும். ஊருக்கு முன் மானம் போகாது என்ற உறுதி இல்லையேல், எவர்தாம் தம் குறையை எதிரிக்குக் காட்டுவார்? இன்னொரு சங்கடமும் உண்டு. ஒருவரோடு இசைவதற்காக மென்பொருளைத் திருத்தினால், அதற்குமுன் இசைந்த எல்லாரோடும் மறுபடியும் பார்க்கவேண்டும். ஒரு காலைச் செதுக்கப்போய் மேசையின் மற்ற மூன்று கால்களையும் ஆட்டிவிடும் தச்சனை நாம் அறிவோம்.

விட்டுக்கொடுத்துப் போனால் இத்தொல்லைகள் இல்லையே என்பாரும் உளர். இணையத்தை அமைத்த முன்னோடிகளுள் ஒருவரான யோன் பொஸ்டல், அனுப்பும்போது கண்டிப்பாயிரு, பெறும்போது தாராளமாயிரு என்ற கருத்தை 1980இலேயே எழுதிவைத்தார். நல்ல அறிவுரைதான்; இணையம் வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால், எல்லாரும் பிழையைப் பொறுத்துக்கொண்டால், பிழை செய்பவர் அதனை அறிவதேயில்லை. நாளடைவில் அப்பிழையே வழக்காகி, புதிதாய் வருபவரும் அதைக் கற்றுக்கொள்ள நேரும். இந்த ஆபத்தை எடுத்துக்காட்டி 2023இல் இணையப் பொறியியலாளரே ஓர் ஏடு வெளியிட்டனர். பிள்ளை வளர்ப்பில் நம் பாட்டிமார் என்றைக்கோ கண்ட சிக்கல் இது.

இனி, அத்தாட்சிப் பத்திரம் யாருக்குப் பயன்படுகிறது என்று பார்ப்போம். கடல்கடந்த கடைகளுக்கு ஆடை தைத்து அனுப்பும் நாடுகளுள் நம் நாடும் ஒன்றாகையால், இது நமக்கு அயற்செய்தியன்று. சரக்கு லொறியில் வந்து பண்டசாலை வாயிலில் நிற்கிறது. ஆனால், ‘சரக்குப் புறப்பட்டது’ என்னும் 856 அறிவித்தல் கடையின் கணினிக்கு வரவில்லை. பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று கணினிக்குத் தெரியாமையால், ஒவ்வொன்றாகத் திறந்து எண்ணவேண்டும். அதற்குரிய செலவைக் கடைக்காரர் சரக்குக் கொடுத்தவரின் பணத்திற் கழித்துக்கொள்வர். பெருங்கடைகள் பலவற்றில் இது எழுத்திலுள்ள விதி. சிறிய உற்பத்தியாளர் தம் மென்பொருள்காரரைக் கேட்டால், ‘நாம் ஏட்டின்படி செய்திருக்கிறோம், பிழை அவர்களுடையது’ என்பார். கடையின் மென்பொருள்காரரும் அதே விடையைச் சொல்வார். இருவரும் பொய் சொல்லவில்லை என்பதே இதிலுள்ள கொடுமை. வரிமுடிவென்றும் சிறு கோடென்றும் ஒன்றும் அறியாத அம்மனிதர், இருபது தையற்காரருக்கு வாரக்கூலி கொடுக்கவேண்டிய வெள்ளிக்கிழமையில், கழிக்கப்பட்ட காசோலையைக் கையில் வைத்துக்கொண்டிருப்பார். அவரால் 190 இணைகளைச் சோதித்துப் பார்க்க இயலாது. அவருக்காக யாரோ முன்னரே பார்த்துவைத்தார்கள் என்பதற்குத்தான் அந்தப் பத்திரம்.

ஆனால், பத்திரத்தை வாங்குபவர் அதனை முழுதும் வாசித்தல் வேண்டும். மென்பொருளின் எந்தப் பதிப்பு, எந்த ஆண்டில், எவரெவரோடு தேறியது என்பவற்றையே அது சொல்கிறது. அடுத்த ஆண்டு வெளியான புதிய பதிப்புக்கு அது செல்லாது. அந்தச் சுற்றில் அமர்ந்திராதவரோடு இசையும் என்றும் அது சொல்லவில்லை. விளம்பரத்திற் பெரிய எழுத்திற் காணப்படும் ‘அத்தாட்சி பெற்றது’ என்ற சொல்லுக்கும், பத்திரத்திற் சிறிய எழுத்திற் காணப்படும் திகதிக்கும் இடையே எத்தனை ஆண்டு இருக்கின்றன என்று கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

மற்றொன்று. இச்சோதனை பார்ப்பது உறையை, உள்ளிருக்கும் கடிதத்தையன்று. எக்ஸ் 12 முறையில் ‘ஈ ஏ’ என்று எழுதினால் ஒவ்வொன்று என்று பொருள். ‘டி இசட்’ என்று எழுதினால் டசின். கடையின் எழுதுவினைஞர் ஐந்நூறு சட்டை கேட்க எண்ணி, அலகுப் பட்டியலில் ஒரு வரி கீழே கையை வைத்துவிட்டால், கட்டளை ஆறாயிரஞ் சட்டைக்காகும். அந்த மடலையும் தேறிய மென்பொருள் முறைப்படி ஒப்பமிட்டு, பூட்டி, கொண்டுபோய்ச் சேர்க்கும். மறுபக்கத்துத் தேறிய மென்பொருள் அதனைத் திறந்து, சரிபார்ப்பெண்ணைக் கணக்கிட்டு, ஓர் எழுத்தும் மாறாமல் வந்து சேர்ந்ததென்று ஒப்பமிட்ட பற்றுச்சீட்டு அனுப்பும். தையற்காரர் துணி வெட்டத் தொடங்குவர்.